‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’: பாதியில் நிறுத்திவிட்டோம், அப்பாவோடு முழுசாகப் பார்க்கலாமா?

அல்சூர் ஏரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு மதியம் அப்பாவோடு உட்கார்ந்து ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ போட்டேன். டாம் குரூஸ், எமிலி பிளன்ட் நடித்து 2014இல் வந்த படம். ஆபீஸில் ரெண்டு பேர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால் போட்டது. ஆரம்பம் நன்றாகத்தான் போனது. வேற்றுக்கிரக ஜந்துக்கள் ஐரோப்பாவைப் பிடித்துவிட்டன, பிரான்ஸ் கடற்கரையில் ராணுவம் இறங்குகிறது, பெரிய சண்டை, அதில் ஹீரோ செத்துப்போகிறான். செத்த வேகத்தில் முழித்துக்கொள்கிறான். மறுபடியும் அதே ராணுவத்தளம், அதே திட்டு, அதே ஆட்கள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னடா, சிடி சிக்கிக்கிச்சா?” என்று கேட்டார். இல்லைப்பா, கதையே அதுதான், அந்த ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் என்றேன். “ஒரே நாளை ரெண்டு மணி நேரம் காட்டுவானா” என்று எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். எனக்கும் மனசு விட்டுப்போய் நிறுத்திவிட்டேன்.

அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். அம்மா போன பிறகு வாரத்தில் அந்த ஒரு நேரம்தான் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து உட்காருகிறோம், அதனால் எந்தப் படம் என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. போன மாதம் இங்கே ஒரு மாலில் விண்வெளிச் சண்டைப் படம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். ரெண்டு டிக்கெட்டும் ஆட்டோவும் சேர்த்து 1,600 ரூபாய் ஆனது. த்ரீடி கண்ணாடி போட்டதும் திரை முழுக்க ஒரே இருட்டு, எது யார் கப்பல் என்றே தெரியவில்லை, இடைவேளையில் அப்பா தலைவலி என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்கு ஒரு பயம்.

இந்தப் படம் நாங்கள் விட்ட இடத்துக்கு அப்புறம் மாறுமா, இல்லை கடைசி வரை அதே மாதிரிதானா? அப்புறம், இந்த மாதிரி அறிவியல் புனைகதை ஆக்‌ஷன் படம் பார்க்கத் தகுமா தகாதா என்று நீங்கள் எல்லாம் எதை வைத்து முடிவு பண்ணுகிறீர்கள்? ஸ்டார் ரேட்டிங் பார்த்துப் போய்த்தான் அந்த 1,600.

ராப்பாடி:

நண்பரே, வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறீர்கள். நீங்கள் நிறுத்திய இடத்தில்தான் படமே தொடங்குகிறது. மொத்தமே 113 நிமிடம், மீதி ஒன்றரை மணி நேரம் சொச்சம் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நான் இதை நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். ராத்திரி ஷிப்ட் முடித்து விடிகாலையில் ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்து தூக்கம் வராமல் முதல் தடவை பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் கவனித்ததைச் சொல்கிறேன், உங்கள் ரெண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

அறிவியல் புனைகதை ஆக்‌ஷன் படத்தில் நான் பார்ப்பது ஒன்றுதான். அந்த அறிவியல் சங்கதியை உருவி எடுத்துவிட்டால் சண்டைக் காட்சி அப்படியே நிற்குமா? நிற்கும் என்றால் அது சாதா அடிதடிப் படம், மேலே நீல விளக்கு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். லேசர் துப்பாக்கி என்று கொடுத்துவிட்டுச் சாதாரணத் துப்பாக்கி மாதிரியே ஒளிந்து ஒளிந்து சுட்டுக்கொண்டிருந்தால் அந்த லேசருக்கு என்ன வேலை? சங்கதியை எடுத்ததும் சண்டையே சரிந்து விழ வேண்டும். அப்படி விழுகிற படத்துக்கு நான் காசு கொடுப்பேன்.

இந்தப் படத்தில் அது எப்படி என்றால், ஹீரோ கேஜ் முதலில் வீரனே இல்லை. விளம்பரப் பிரிவு அதிகாரி, டிவியில் பேசி ஆள் சேர்க்கிறவன். போருக்குப் போகச் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிற ஆள், அவனைப் பிடித்துக் கடைநிலைச் சிப்பாயாகத் தள்ளிவிடுகிறார்கள். முதல் சண்டையில் அவன் கொல்கிற ஜந்துவின் ரத்தம் அவன் மேல் கொட்டுகிறது, அதிலிருந்து செத்தால் அந்த நாள் திரும்பவும் தொடங்கும். இதுதான் விதி. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்கிறார்கள் என்பதுதான் படம். பயிற்சி நேரத்தில் தண்டால் எடுத்துக்கொண்டிருக்கும்போது நைசாக உருண்டு, ஓடுகிற லாரிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் தப்பிக்க ஒரு திட்டம் போடுவான். ஒரு தடவை கணக்குத் தப்பி லாரி ஏறிவிடும். திரும்ப முழிப்பான், திரும்ப உருளுவான். நாம் பார்ப்பது அதே காட்சி இல்லை, ஒரு ஆள் வேலை கற்றுக்கொள்வது. எமிலி பிளன்ட் அவனுக்குப் பயிற்சி கொடுப்பார், எலும்பு முறிந்துவிட்டால் அவரே சுட்டுவிடுவார், நாள் திரும்பட்டும் என்று.

அப்புறம் ஒரு விதி வரும், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவனுக்கு வேறு ரத்தம் ஏற்றிவிட்டால் அந்தச் சக்தி போய்விடும். யோசித்துப் பாருங்கள், மற்றப் படங்களில் காயம் சின்னது, சாவு பெரியது. இங்கே தலைகீழ். செத்தால் கவலையில்லை, காயம்பட்டு ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டால்தான் எல்லாம் போச்சு. ஒவ்வொரு சண்டையிலும் நாம் பயப்படுகிற விஷயமே மாறிவிடுகிறது. இப்படி ஒரு பயம் வேறு எந்த வகைப் படத்திலும் வராது.

நம் பக்கத்திலும் இந்தக் கணக்கில் தேறுகிற படம் உண்டு. 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தில் ரோபோ சிட்டிக்கு உணர்ச்சி வந்த பிறகுதான் சிக்கலே, சிவப்பு சிப் மாட்டிய பிறகுதான் சண்டையே. சிப்பை எடுத்துவிட்டால் கடைசி அரைமணி நேரம் கிடையாது. 1991இல் கேமரூன் எடுத்த ரெண்டாவது ‘டெர்மினேட்டர்’ அதைவிடக் கறார். வில்லன் உலோகக் குழம்பு, கையைக் கத்தியாக்குவான், கம்பிக் கதவுக்குள் வழிந்து வருவான், ஆனால் துப்பாக்கி, வெடிகுண்டு மாதிரி உள்ளே பாகங்கள் அசைகிற எதுவாகவும் மாற முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். கடைசி வரை அதை மீற மாட்டார்கள்.

மூன்றாம் வரிசை:

படம் பார்க்கத் தகும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ராப்பாடி சொன்ன அளவுகோலை வைத்தே ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசிக் கால் மணி நேரத்தில் அந்தச் சக்தி கையில் இல்லாமல் சண்டை போடுகிறார்கள், அங்கே படம் சாதா ஆக்‌ஷன் படமாகிவிடுகிறது. ராத்திரி, தண்ணீர், இருட்டு, யார் எங்கே விழுந்தார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அந்த மால் படத்தில் என்ன கஷ்டம் வந்ததோ அதே கஷ்டம் இங்கே கொஞ்சம் வரும். முடிவும் அதுவரை படம் போட்ட விதியோடு சரியாகப் பொருந்தவில்லை, ஏன் என்று சொன்னால் கதை தெரிந்துவிடும், பார்த்த பிறகு பேசுவோம்.

இன்னொன்று. ரேட்டிங், வசூல் ரெண்டையும் நம்பாதீர்கள் என்பதற்கு இந்தப் படமே சாட்சி. 17.8 கோடி டாலர் செலவில் எடுத்தது, அமெரிக்காவில் முதல் வாரக் கடைசியில் 3 கோடிகூட வரவில்லை. உலகம் முழுக்கச் சேர்த்து 37 கோடி அளவுக்குத்தான் போனது, இந்தச் செலவுக்கு அது பெரிய வெற்றி இல்லை. டிவிடி வெளியிடும்போது விளம்பர வாசகத்தையே பெரிய எழுத்தில் போட்டு, படத்தின் பெயரைக் கீழே சின்னதாக்கிவிட்டார்கள், அந்தப் பெயரில் யாருக்கும் எதுவும் பதியவில்லை என்பதால். அதற்கப்புறம் வீட்டில் பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லித்தான் இன்றைக்கு இத்தனை பேர் பேசுகிறார்கள். அன்றைக்கு வசூலைப் பார்த்து விட்டவர்கள் நல்ல படத்தை விட்டார்கள்.

பானஸ்வாடிக்காரன்:

த்ரீடி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அந்தக் கண்ணாடி வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். புரொஜெக்டர் விளக்கு பழசாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பெரியவர்களைக் கூட்டிப்போகும்போது டூடி காட்சியாகப் பார்த்து எடுங்கள், விலையும் குறைவு. படத்தின் மேல் பழி போடும் முன் அரங்கையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

ஷாட்டை வேகமாக வெட்டி வெட்டி மாற்றுகிற படம் என்றாலே கண் வலிக்கும் என்பதும் இல்லை. 2015இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ ரெண்டு மணி நேரத்தில் 2,700 வெட்டு அளவுக்கு உண்டு, ஆனால் என் அம்மா 64 வயதில் ஒரு இடத்தில்கூட “யாருடா அது” என்று கேட்கவில்லை. ஒவ்வொரு ஷாட்டிலும் பார்க்க வேண்டிய விஷயத்தைத் திரையின் நடுவிலேயே வைத்திருப்பார்கள், கண் அலைய வேண்டியதில்லை. அதைத் தொகுத்த மார்கரெட் சிக்சலுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதிலிருந்து நான் ட்ரெய்லரைச் சத்தம் இல்லாமல் ஒரு தடவை பார்ப்பேன். யார் யாரை அடிக்கிறார்கள், எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று சத்தம் இல்லாமலே புரிந்தால் போவேன், புரியவில்லை என்றால் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

தங்கவயல்:

தம்பி, நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்து முப்பது வருஷமாகப் பெங்களூரில் இருக்கிறவள். என் அப்பாவும் சுரங்கத்தில் மெஷின் வேலை பார்த்தவர்தான், அதனால் உங்கள் அப்பா மாதிரி ஆட்களை எனக்குக் கொஞ்சம் தெரியும். அவர்களுக்கு அறிவியல் புனைகதை புரியாது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். 1963லேயே ‘கலை அரசி’ என்று எம்.ஜி.ஆர். படம், வேற்றுக்கிரகத்தில் இசை இல்லை என்று பானுமதியைப் பறக்கும் தட்டில் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் ஊர் டென்ட் கொட்டகையில் அதைத் திரும்பப் போட்டபோது ஒருத்தரும் எழுந்து போகவில்லை. ஏன், எதற்கு என்று ஒரு காரணம் தெரிந்தால் அவர்கள் எங்கே வேண்டுமானாலும் கூட வருவார்கள். உங்கள் அப்பா எழுந்து போனது அலுத்துப்போய் இல்லை, இதெல்லாம் எதற்கு என்று யாரும் சொல்லாததால்.

அதனால் விட்ட இடத்திலிருந்து போடாதீர்கள், முதலிலிருந்து போடுங்கள். போடும் முன் ரெண்டே வரி சொல்லுங்கள். இவன் செத்தால் காலையிலிருந்து மறுபடி தொடங்கும், ஆனால் நடந்தது இவனுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும். அவ்வளவு போதும். 2021இல் வந்த ‘மாநாடு’ பார்த்திருந்தார் என்றால் இன்னும் சுலபம், சிம்புவுக்கு நடந்ததுதான் இவனுக்கும் என்று சொன்னால் முடிந்தது.

அப்புறம் சிப்பாய்கள் மாட்டிக்கொள்கிற அந்த இரும்புக் கவசத்தைக் காட்டுங்கள். அது கம்ப்யூட்டரில் வரைந்தது இல்லை, நிஜமாகவே செய்து நடிகர்கள் மாட்டிக்கொண்டு ஓடியது. 40 கிலோ அளவுக்கு எடை, ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில் பாரம் தாங்க முடியாமல் சட்டத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டு நிற்க வைப்பார்களாம். ஃபிட்டர் கண்ணுக்கு அதில் பார்க்க நிறைய இருக்கும், மூட்டு எப்படி மடங்குகிறது, எங்கே முடுக்கியிருக்கிறார்கள் என்று.

நடுவில் ஒரு பண்ணை வீடு வரும், அங்கே ஒரு காபி காட்சி உண்டு. என்ன என்று சொல்ல மாட்டேன். அதுவரை அவரை உட்காரவைத்துவிடுங்கள், அப்புறம் எழுந்து போனால் என்னைக் கேளுங்கள்.

அல்சூர் ஏரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னபடி முதலிலிருந்தே போடுகிறேன். ஒரு சந்தேகம், ரத்தம் அதிகமா? அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்கு அப்புறம் அப்பா அதையெல்லாம் பார்ப்பதில்லை.

மூன்றாம் வரிசை:

அதிகம் இல்லை. அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற சான்றிதழ்தான். சாவு நிறைய உண்டு, ஆனால் அடி விழுகிற நொடியில் வெட்டி அடுத்த நாளுக்குப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று பின்பாதியில் ஒரு நிமிடம் வரும், அது மட்டும் முன்னாலேயே தெரிந்திருக்கட்டும்.

அல்சூர் ஏரிக்கரை:

நேற்று ராத்திரி பார்த்தோம். எழுதாமல் இருக்க முடியவில்லை, கொஞ்சம் நீளமாகப் போகும். படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு விளக்கை அணைத்துப் போட்டேன். அக்கா சொன்ன ரெண்டு வரியையும் சொன்னேன், “சரி, போடு” என்றார். அந்தக் கடற்கரையில் இறங்குவதற்கு முன் விமானத்துக்குள் கேஜ் பக்கத்தில் இருப்பவனிடம் சேஃப்டியை எப்படி எடுப்பது என்று கேட்பான் இல்லையா, போன வாரம் அது எங்கள் ரெண்டு பேர் காதிலும் விழவே இல்லை. நேற்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “ட்ரெயினிங் இல்லாதவனை மெஷின்ல நிறுத்தினா இதான் ஆகும்” என்றார். அதற்கப்புறம் அவருக்கு அது வேற்றுக்கிரகப் படமே இல்லை. புதிதாக வந்த ஒரு பையன் வேலை கற்றுக்கொள்கிற கதை. லாரிக்கடியில் உருண்டு மாட்டிக்கொண்டபோது “அரை செகண்டு சீக்கிரம் போயிட்டான்” என்றார். அடுத்த தடவை அவன் சரியாகத் தாண்டியதும் தொடையில் தட்டினார். அப்பா படம் பார்த்துத் தொடையில் தட்டி நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது.

கவசத்தைப் பற்றி ஒரு பத்து நிமிடம் பேசியிருப்பார். தோள்பட்டையில் பாரம் வருகிறது, இடுப்பில் இறக்கியிருக்க வேண்டும் என்றார். நான் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன்.

அப்புறம் பண்ணை வீடு. கேஜ் எமிலி பிளன்டுக்குக் காபி போடுகிறான், அவள் கேட்காமலே மூன்று சர்க்கரை என்று தெரிந்திருக்கிறது அவனுக்கு. அவள் முகம் மாறுவதற்கு முன்னாலேயே அப்பா சொல்லிவிட்டார், “இவன் இந்த வீட்டுக்கு முன்னாடியே வந்திருக்கான்டா.” நான் எதுவும் பேசவில்லை. எத்தனை தடவை வந்திருப்பான் என்று கேட்டார். தெரியவில்லைப்பா என்றேன். அவளை இதற்கு மேல் உயிரோடு கூட்டிப்போக முடியவில்லை என்று புரிந்ததும், “அதான் காபி போட்டுக்கிட்டே இருக்கான், கிளம்ப மனசில்லை” என்றார். அந்த ஆஸ்பத்திரி இடத்தை அவரைக் கேட்டுவிட்டுத்தான் ஓட்டினேன், பரவாயில்லை என்று சொன்னார்.

மூன்றாம் வரிசை சொன்னது சரி, கடைசிச் சண்டையில் இருட்டு. ரெண்டு இடத்தில் யார் என்று கேட்டார். முடிவையும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “அவன் முழிக்க வேண்டிய இடம் அது இல்லையே, இன்னும் முன்னாடி போயிட்டானே” என்று அவரே பிடித்துவிட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. ராப்பாடி, உங்கள் அளவுகோல் உங்களுக்கு முன்னால் எச்.ஏ.எல். ஃபிட்டருக்குத் தெரிந்திருக்கிறது.

படம் முடிந்து பத்தரை மணிக்குச் சமையலறையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அப்பா பாலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார், டிக்காஷன் காலையில் இறக்கியது மீதி இருந்தது. டம்ளரில் சர்க்கரையைப் போட்டுவிட்டு, “உங்கம்மாவுக்கு அரை ஸ்பூன், அதுக்கு மேல போட்டா குடிக்க மாட்டா” என்றார். அம்மாவைப் பற்றி அவராக ஒரு வார்த்தை பேசி எட்டு மாதம் ஆகிறது. ரெண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தோம்.

அடுத்த சனிக்கிழமைக்கு என்ன என்று காலையில் அவரே கேட்டார். அந்த ரெண்டாவது ‘டெர்மினேட்டர்’ போடலாமா, இல்லை அதற்கு முதல் பாகம் பார்த்திருக்க வேண்டுமா?

தங்கவயல்:

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அப்பாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முதல் பாகம் பார்த்திருக்க வேண்டியதில்லை, அதில் நடந்தது என்ன என்று ரெண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். 137 நிமிடம் ஓடும், அதனால் எட்டு மணிக்கு வேண்டாம், ஏழுக்கே தொடங்குங்கள்.

ராப்பாடி:

கடைசியில் ஒரு எஃகு ஆலை வரும். அங்கே மட்டும் நிறுத்தாமல் ஓட்டுங்கள், கேள்விகளை அவர் அப்புறம் கேட்பார்.